கறைக்கு மேல் சீலன்ட் போடலாமா? ஓர் இளம் பல் மருத்துவரின் கேள்வி

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிறு ஊர். அங்கே மூத்த பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் 26 வயது பி.டி.எஸ். மருத்துவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது.

சொத்தை வராமல் தடுக்க, குழந்தைகளின் கடைவாய்ப் பற்களில் உள்ள பள்ளங்களை மூடும் சீலன்ட் போட வேண்டும் என்று கல்லூரியில் படித்தார். அந்த நம்பிக்கையில் சில குழந்தைகளுக்குப் போட்டார். இரண்டு பேருக்கு மூன்று மாதத்துக்குள் உரிந்துவிட்டது. ஒரு குழந்தையின் அம்மா எல்லோர் முன்னாலும், "காசு வாங்கிட்டு என்னத்தப் போட்டீங்க?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அடுத்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். இரண்டு கீழ்க் கடைவாய்ப் பற்களிலும் பழுப்புக் கோடுகள். "எக்ஸ்ப்ளோரர் வைத்துப் பார்த்தேன், சிக்கவில்லை, சொத்தை இல்லை, சீலன்ட் போதும் என்றேன்" என்கிறார். (எக்ஸ்ப்ளோரர் என்பது பல்லைத் தொட்டுப் பார்க்கும் கூரிய முனைக் கருவி.) சீனியர் ஏற்கவில்லை. "சொத்தைய உள்ள வச்சு மூடச் சொல்றியாம்மா? நாளைக்கு அது உள்ளயே அரிச்சா யாரைக் கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு இரண்டு பல்லையும் டிரில் செய்து ஃபில்லிங் போட்டுவிட்டார். இப்போது ஒரு தனியார் பள்ளி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் சீலன்ட் போடும் முகாம் கேட்கிறது. சீனியர் ஒப்புக்கொண்டுவிட்டார். வேலை இவர் தலையில்.

பல் மருத்துவச் சங்கங்கள் வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகளைச் சீனியர் பின்பற்றாமல் இருப்பது சட்டப்படி தவறில்லையா? அந்தச் சிறுமியின் அம்மாவிடம் தேவையில்லாத ஃபில்லிங் என்று சொல்லிவிடலாமா? முகாமை ஏற்கலாமா? வேலையை விட்டுவிடலாமா? இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள டாக்டர்,

உங்கள் ஆதங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வயதில் ஒரு நிரந்தரப் பல்லில் டிரில் பட்டுவிட்டால், அது கடைசிவரை ஃபில்லிங் போட்ட பல்தான். அந்த ஃபில்லிங் சில வருடங்களில் தேயும், ஓரம் கசியும், மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும். சிலருக்கு அது ரூட் கெனால், கேப் வரை போகும். அந்த வரிசையைத் தொடங்கி வைக்க வேண்டுமா என்று நீங்கள் யோசித்தது சரியான யோசனை.

ஆனால் உங்கள் கடிதத்தில் சீனியர் ஒரு தப்பான மனிதராகவும், நெறிமுறை ஒரு தீர்ப்பாகவும் ஆகிவிட்டார்கள். இரண்டையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூடினால் உள்ளே வளருமா?

உங்கள் சீனியரின் பயம் அவர் படித்த படிப்பிலிருந்து வந்தது. சொத்தையை முழுக்கக் குடைந்து எடு, பக்கத்துப் பள்ளங்களையும் சேர்த்து வெட்டிவிடு என்பதுதான் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக் காலத்திலிருந்து பல தலைமுறை மருத்துவர்கள் கற்றது. 1955இல் பல் ஆராய்ச்சியாளர் மைக்கேல் புவோனகோர், பல்லின் வெளிப்படலமான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் ஒட்டும் என்று காட்டிய பிறகுதான் சீலன்ட் என்ற எண்ணமே சாத்தியமானது. கையில் ஊறிய பழக்கம் ஒரு வழிகாட்டி வெளிவந்த உடனே மாறாது. குழிவிழாத ஆரம்பச் சொத்தைக்கு மேல் சீலன்ட் போடலாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2008இல் பரிந்துரைத்தது. அதற்குப் பின் அங்குள்ள மருத்துவர்களிடம் கேட்டபோது, அப்படிச் செய்வதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. காரணம் கேட்டால் உங்கள் சீனியர் சொன்ன அதே பயம்தான்.

அந்தப் பயத்துக்குப் பதில் இருக்கிறது. 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், குழிவிழாத சொத்தையை மூடிய பற்களில் வருடத்துக்கு 2.6 சதவீதம்தான் முற்றின. மூடாமல் விட்டவற்றில் 12.6 சதவீதம். உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிகளுக்கு மேலிருந்து சர்க்கரை வருவது நின்றுவிடுகிறது. உயிரோடு இருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்ததாக இன்னொரு தொகுப்பாய்வு சொன்னது. அதே சங்கத்தின் 2018 வழிகாட்டி, கடிக்கும் பரப்பில் உள்ள குழிவிழாத சொத்தைக்குச் சீலன்டையும், பல்லின் மேல் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷையும் சேர்த்தோ, சீலன்டை மட்டுமோ முதலில் வைக்கச் சொல்கிறது.

இதில் 'குழிவிழாத' என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு தயக்கம். எக்ஸ்ப்ளோரர் சிக்கவில்லை, அதனால் சொத்தை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு எக்ஸ்ப்ளோரர் போதாது. பள்ளம் ஆழமாக இருந்தால் நல்ல பல்லிலும் அது சிக்கும். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அடுக்கு கரைந்திருந்தாலும் சில சமயம் சிக்காது. கூரிய முனையை அழுத்தினால் மென்மையான எனாமல் உடையவும் செய்யும். பல்லை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஈரமாக ஒருமுறை, காற்றால் ஐந்து விநாடி உலர்த்தி ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்த பின் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை தெரிகிறதா? எனாமலில் உடைப்பு உண்டா? அடியிலிருந்து சாம்பல் நிற நிழல் தெரிகிறதா? நிழல் தெரிந்தால் சந்தேகத்தோடு மூடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

உங்கள் ஊர் சார்ந்த இன்னொன்றும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழுப்புக் கறை என்றால் முதலில் ஃப்ளோரோசிஸ், அதாவது தண்ணீரில் மிகும் ஃப்ளோரைடால் பல்லில் வரும் கறை, நினைவுக்கு வர வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. ஃப்ளோரோசிஸ் கறை வலது, இடது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். முன்பற்களிலும் வழவழப்பான பரப்பிலும் தெரியும். கடைவாய்ப் பல்லின் கடிக்கும் பரப்பில் ஆரம்பச் சொத்தை பெரும்பாலும் பள்ளத்தை ஒட்டியே தெரியும். அந்தச் சிறுமிக்கு இருந்தது ஃப்ளோரோசிஸா, வெறும் உணவுக் கறையா, ஆரம்பச் சொத்தையா, அடியில் பரவிய சொத்தையா என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் அவள் அம்மாவிடம் போய் 'தேவையில்லாத ஃபில்லிங்' என்று சொல்லாதீர்கள். அவர் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். "இந்த மாதிரிப் பல்லுக்கு ரெண்டு வழி உண்டும்மா, சார் ஃபில்லிங்க தேர்ந்தெடுத்தார்" என்பது உண்மை. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல உங்களிடம் எக்ஸ்ரேயும் இல்லை, படமும் இல்லை.

நெறிமுறை சட்டமாகாது

வெளிநாட்டுச் சங்கத்தின் வழிகாட்டியை மீறினார் என்பதற்காக மட்டும் நம் ஊரில் ஒரு மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல், அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் ஏற்கத்தக்க முறையில் நடந்துகொண்டாரா என்பது. இரண்டு சிகிச்சை முறைகள் நடைமுறையில் இருந்து, மருத்துவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வே அலட்சியம் ஆகிவிடாது. கறைபட்ட பள்ளத்தைத் திறந்து ஃபில்லிங் போடுவது இன்றைக்கும் பலர் செய்வது. நுகர்வோர் ஆணையத்தில் அதை மட்டும் வைத்து வழக்கு நிற்பது கடினம்.

சட்டத்தின் பிடி சம்மதத்தில்தான் இருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008இல் அதே நீதிமன்றம், சிகிச்சை என்ன, அதன் பலன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்று போதுமான அளவுக்குச் சொல்லிப் பெற்ற சம்மதம்தான் சம்மதம் என்றது. உங்கள் கிளினிக்கில் அந்த அம்மாவிடம் இரண்டு வழியும் சொல்லப்பட்டதா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இல்லை என்றே தோன்றுகிறது. நீங்கள் போட்ட சீலன்ட்டுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். உரியலாம், மறுபடி போட வேண்டி வரலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் வரவேற்பறையில் அந்தச் சத்தம் வந்திருக்குமா? நம் ஊரில் குழந்தையைப் பாட்டியோ சித்தியோ கூட்டிவருவது சகஜம். அப்போது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போட்டுச் சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

உரிந்தது ஏன்?

பெரும்பாலும் எச்சில். முதல் கடைவாய்ப் பல் ஆறு வயதுவாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். முளைத்த புதிதில் அதன் பின்பாதியை ஈறு மூடியிருக்கும், ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். நாக்கு பெரிதாகத் தெரியும், குழந்தை வாயை மூடும். உதவிக்கு ஆள் இல்லாமல் ஒரே கையால் பஞ்சையும் பிடித்து, மறு கையால் பிசினையும் வைத்தால் எட்சிங் செய்த, அதாவது அமிலத்தால் சொரசொரப்பாக்கிய, பரப்பில் ஒரு சொட்டு எச்சில் போதும். அது ஒட்டாது. இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது சீலன்ட் அதிக நாள் நிற்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மாலை நேரக் கூட்டத்தில் உங்கள் உதவியாளர் வரவேற்பையும் பார்த்துக்கொண்டிருந்தால், சீலன்ட்டைக் காலை நேரத்துக்கு மாற்றுங்கள். நெறிமுறையை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் பெரிய தடை என்று நான் நினைப்பது இந்த மாதிரிச் சின்ன ஏற்பாடுகள்தான்.

எட்சிங்குக்கு 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி. கழுவி உலர்த்தியபின் பள்ளத்தின் சரிவு உறைபனி போல வெளுத்துத் தெரிய வேண்டும். எச்சில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள், மறுபடி எட்ச் செய்யுங்கள். ஃப்ளோரோசிஸ் உள்ள பல்லின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் கரையாது, கூடுதல் நேரம் வேண்டும். உங்கள் ஊரில் உரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிசினை ஒளியால் இறுக வைக்கும் லைட் க்யூர் கருவியின் முனையில் பழைய பிசின் ஒட்டியிருக்கிறதா, வெளிச்சம் குறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். க்யூர் செய்தபின் மேலே மிஞ்சும் கடினமாகாத படலத்தை ஈரப் பஞ்சால் துடைத்துக் குழந்தையை வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பிஸ்பீனால் என்ற வேதிப்பொருளைப் பற்றிப் படித்துவிட்டு வரும் பெற்றோருக்கு அது ஒரு ஆறுதலும்கூட. பாதிதான் முளைத்த பல் என்றால் பிசினோடு போராட வேண்டாம். கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்டை விரலால் அழுத்தி வையுங்கள். ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். அது சீக்கிரம் தேயும், ஆனால் ஆபத்தான அந்த மாதங்களைக் கடக்க உதவும். பல் முழுதாக வந்தபின் பிசின் சீலன்ட் போடலாம்.

அப்புறம், உரிந்தால் பல் முன்பைவிட மோசமாகும் என்று உங்கள் சீனியர் நினைத்தால், அது உண்மையில்லை. உரிந்துபோன பற்களுக்கும், சீலன்டே போடாத பற்களுக்கும் சொத்தை வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டின. இழப்பு பாதுகாப்பு போனதுதான். அதனால்தான் சீலன்ட் போட்ட அன்றே அடுத்த வருகையையும் எழுதிக்கொடுக்க வேண்டும். திரும்பிப் பார்க்க வழியில்லாத இடத்தில் சீலன்ட் போடுவதை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

பள்ளி முகாம்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும், ஒரே நாளில். இதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சீலன்ட்டின் பலன் குழந்தையின் ஆபத்தைப் பொறுத்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பின் கணக்கு இது: இரண்டு வருடத்தில் நூறு பல் பரப்புகளில் 70 சொத்தையாகக்கூடிய சூழலில் சீலன்ட் அதை ஏறக்குறைய 19 ஆகக் குறைக்கிறது. 16 மட்டுமே சொத்தையாகக்கூடிய சூழலில் 5 ஆகக் குறைக்கிறது. இரண்டும் நல்லதுதான். ஆனால் உங்கள் ஒரு நாளில் யாருக்கு நேரம் ஒதுக்குவீர்கள்? பால் பற்களில் ஏற்கெனவே சொத்தை உள்ள குழந்தை, பள்ளம் ஆழமாக உள்ள குழந்தை முதலில் வர வேண்டும். தவிர, மூன்றாம் நான்காம் வகுப்பில் புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல் பொதுவாக இருக்காது. முதல் கடைவாய்ப் பல்லுக்கு ஒன்றாம், இரண்டாம் வகுப்பு. அடுத்த கடைவாய்ப் பல்லுக்கு ஆறாம், ஏழாம் வகுப்பு. பள்ளி கேட்கும் திட்டத்தில் பின்னவர்கள் இல்லவே இல்லை.

சீலன்ட்தான் எப்போதும் மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். வேல்ஸில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் சீலன்ட்டையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷையும் பள்ளியிலேயே ஒப்பிட்டார்கள். மூன்று வருடம் கழித்து முதல் கடைவாய்ப் பல்லில் டென்டின் வரை சொத்தை வந்தவர்கள் சீலன்ட் பக்கம் 19.6 சதவீதம், வார்னிஷ் பக்கம் 17.5. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. செலவு வார்னிஷுக்குக் குறைவு. அமெரிக்கச் சங்கத்தின் 2016 வழிகாட்டி சீலன்ட் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இரண்டையும் ஒப்பிடும் சான்று தரம் குறைந்தது என்று அதுவே சொல்லிவிடுகிறது. நாற்காலியும் உறிஞ்சு குழாயும் இல்லாத வகுப்பறையில், மின்விசிறிக் காற்றில், வார்னிஷ்தான் நேர்மையான தேர்வு. ஆனால் அதுவும் ஒருநாள் கூத்தாக இருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் "ஃப்ளோரைடுனாலதானே பல்லு இப்படி ஆச்சு, மறுபடியும் அதையே பூசுறீங்களா?" என்று கேட்பார்கள். பல் உருவாகும் வயதில் தினமும் தண்ணீரோடு உள்ளே போன ஃப்ளோரைடால் வந்தது அது. இது வருடத்துக்கு இரண்டு முறை, சில துளிகள், பல்லின் மேலே. பொறுமையாகச் சொல்லுங்கள். மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

எதைச் செய்தாலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தாளாளரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

பணமும் சீனியரும்

நீங்கள் சதவீதக் கணக்கில் சம்பளம் வாங்குவதாகவும், சீலன்ட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றும் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது முக்கியமான வரியாகப் பட்டது. வழிகாட்டிகள் நாற்காலியின் மாதத் தவணையைப் பற்றிப் பேசுவதில்லை. பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் இல்லாத நம் ஊரில், வலியே இல்லாத பல்லுக்கு ஒரு அப்பா ஏன் பணம் தர வேண்டும்? ஃபில்லிங்குக்குத் தருவார். சீனியர் பணத்துக்காகத்தான் டிரில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடுப்பு வேலைக்குக் கணக்கில் இடம் இல்லாத கிளினிக்கில், சந்தேகம் வரும்போதெல்லாம் கை டிரில் பக்கம்தான் போகும்.

அதனால் அவரிடம் ஆய்வுக் கட்டுரையோடு மட்டும் போகாதீர்கள், ஒரு ஏற்பாட்டோடு போங்கள். நோயாளிகள் இல்லாத நேரத்தில். நான்கு முதல் கடைவாய்ப் பற்களுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். அதிலேயே ஆறு மாதம், ஒரு வருடம் என்று இரண்டு பரிசோதனையும், உரிந்தால் மறுபடி போடுவதும் அடங்கும். பெற்றோருக்கு ஏமாந்த உணர்வு வராது, குடும்பம் கிளினிக்கோடு தொடர்பில் இருக்கும், சீனியருக்கும் அதில் நியாயமான வருமானம் உண்டு. "சார், குழி இல்லாத பல்லுக்கு மட்டும் ஒரு வருஷம் செஞ்சு பார்க்கிறேன். போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைக்கிறேன். நிழல் தெரிஞ்சா உங்ககிட்டயே காட்டுறேன்" என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எந்தப் பல், எந்தத் தேதி, யார் உதவி, அடுத்த வருகையில் எப்படி இருந்தது என்று எழுதிவாருங்கள். முப்பது வருடம் கையால் பார்த்து நம்பியவரை, தன் கிளினிக்கிலேயே கண்ணால் பார்ப்பதுதான் மாற்றும்.

வேலையை இப்போது விட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பல்லைப் பற்றிய கருத்து வேறுபாடு அதற்குப் போதாது. நல்ல பல் என்று இருவருக்குமே தெரிந்த பல்லை டிரில் செய்யச் சொன்னாலோ, சம்மதம் இல்லாமல் பள்ளியில் போடச் சொன்னாலோ, அப்போது விடுங்கள். அதில் தயங்க வேண்டியதில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று. உரிந்துபோன அந்த இரண்டு குழந்தைகளின் வீட்டுக்கும் போன் செய்து, காலை நேரத்தில், கட்டணமில்லாமல் மறுபடி போட்டுக்கொடுங்கள். சத்தம் போட்ட அம்மாவை முதலில் கூப்பிடுங்கள். அந்த ஏழு வயதுச் சிறுமி ஃபில்லிங் பரிசோதனைக்கு வரும்போது மேல் கடைவாய்ப் பற்களைச் சுத்தம் செய்து, உலர்த்திப் பார்த்து, படம் எடுத்து வையுங்கள். அவற்றை இதுவரை யாரும் தொடவில்லை. குழி இல்லையென்றால், இந்த முறை சீனியரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அம்மாவிடம் இரண்டு வழியையும் சொல்லிக் கேளுங்கள்.